வியட்நாமில் கடலும் சம்பாக் கோயில்களும்: எட்டு நாள் பயணத்துக்கு வழி சொல்லுங்கள்

காவிரிக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் ஆயுத பூசை விடுமுறையோடு சில நாள் விடுப்பும் சேர்த்துக்கொண்டு, திருச்சியிலிருந்து குடும்பத்துடன் வியட்நாம் சென்று வரலாம் என்று எண்ணியிருக்கிறேன். நாங்கள் நால்வர்: நான், மனைவி, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள், அறுபத்தெட்டு வயதான என் தாயார். மகளுக்குக் கடலில் ஆசை தீரக் குளிக்க வேண்டும். எனக்கு, வியட்நாமின் நடுக்கரையை முன்னாளில் ஆண்ட சம்பா நாட்டு அரசர்கள் கட்டிய செங்கல் கோயில்களைப் பார்க்க வேண்டும். அம்மாவோ, வயிற்றுக்கு ஏற்ற சோறு கிடைத்தால் எங்கே வேண்டுமானாலும் வருகிறேன் என்கிறார். ஆனால் அவர் முட்டைகூடத் தொடமாட்டார்.

எட்டு நாள்களுக்கு நான் போட்டிருக்கும் கணக்கு இது: ஹனோய் இரண்டு நாள், ஹா லாங் விரிகுடாவில் படகில் ஓர் இரவு, டா நாங், ஹோய் ஆன், மி சோன் மூன்றுக்கும் சேர்த்து இரண்டு நாள், நா ட்ராங் ஒரு நாள், கடைசியில் ஹோ சி மின் நகரம். இது நடக்கக்கூடியதா, எதையேனும் விட வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கடல்காற்று:

ஐயா, ஒரு கட்டுமானப் பணிக்காக டா நாங் நகரில் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் திட்டத்தில் ஊர்களைவிட முதலில் மாற்ற வேண்டியது மாதம்தான்.

வியட்நாமின் நடுக்கரை மழை நம் சோழமண்டலக் கரையின் மழையைப் போன்றது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டுவது போலவே அங்கும் செப்டம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குக் காற்றோடு மழை பெய்யும்; புயல்களும் அந்தக் காலத்தில்தான் வரும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஹோய் ஆன் நகரின் பழைய தெருக்களுக்குள் ஆற்று நீர் புகுந்து, வீட்டு வாசலிலிருந்தே மக்கள் படகில் ஏறிச் செல்வது அவ்வூராருக்குப் பழகிப்போன காட்சி. அங்கே டான் கீ என்ற பழைய வணிகர் வீட்டுக்குச் சென்றால், எந்த ஆண்டு வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று சுவரில் கோடு போட்டு வைத்திருப்பதைப் பார்க்கலாம். நான் அதன் அருகில் நின்று பார்த்தபோது, 1964-ஆம் ஆண்டின் கோடு என் தலைக்கு மேலே இருந்தது.

இதைச் சொல்லக் காரணம், ஹனோயிலும் ஹோ சி மின் நகரிலும் அக்டோபர் வேறு வகையாக இருக்கும். பயண நிறுவனங்கள் "வியட்நாமுக்கு அக்டோபர் நல்ல மாதம்" என்று பொதுப்படையாகச் சொல்லிவிடுவது அதனால்தான். அந்தச் சொல் வடக்குக்குப் பொருந்தும். நீங்கள் நாடிச் செல்லும் நடுக்கரைக்குப் பொருந்தாது. உங்கள் மகள் கடலில் இறங்க வேண்டுமென்றால், அக்டோபரில் டா நாங் நகரின் மீ கே கடற்கரையில் சிவப்புக் கொடியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிப்ரவரி முடிவிலிருந்து ஆகஸ்ட் வரை கடல் அமைதியாக இருக்கும். பள்ளிக் கோடை விடுமுறையில், மே மாதத்தில் செல்லுங்கள். வெயில் கடுமைதான், ஆனால் திருச்சி வெயிலைப் பார்த்தவர்களுக்கு அது புதிதன்று. ஏப்ரல் 30, மே 1 இரண்டும் அந்நாட்டின் தேசிய விடுமுறை நாள்கள். அந்த வாரத்தில் கடற்கரை ஊர்களில் அறை கிடைப்பதும் அரிது, விலையும் ஏறிவிடும். அதைத் தவிர்த்துவிட்டு இரண்டாம் வாரத்தில் புறப்படுங்கள்.

வழிப்போக்கன்:

மழையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இவ்வளவு செலவு செய்து செல்பவர்கள் ஹா லாங் விரிகுடாவைப் பார்க்காமல் திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னும் இரண்டு நாள் சேர்த்தால் கம்போடியாவுக்குச் சென்று அங்கோர் வாட்டையும் பார்த்துவிடலாமே. பழைய கோயில்தான் நோக்கமென்றால் அதைவிடப் பெரியது எது இருக்கிறது?

கடல்காற்று:

நண்பரே, ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகருக்கு இருப்புப்பாதை 1,726 கிலோமீட்டர் நீளம். கன்னியாகுமரியில் ஏறியவர் மகாராட்டிரத்தைத் தொட்டுவிடும் தொலைவு அது. எட்டு நாளில் அந்த நீளம் முழுவதையும் அளந்து, ஒவ்வொரு நாளும் பெட்டியைக் கட்டி அவிழ்த்து, விமான நிலைய வரிசையில் அறுபத்தெட்டு வயது அம்மையாரை நிறுத்தி வைப்பது விடுமுறை ஆகுமா? அங்கோர் பெரிதுதான், மறுப்பில்லை. அதற்கென்று தனியாக ஒரு முறை செல்ல வேண்டும். ஹா லாங்கும் அப்படியே, வடபகுதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. இந்த முறை நடுக்கரை மட்டும் என்று முடிவு செய்தால், கடலும் கோயிலும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

உறையூரான்:

நடுக்கரைதான் சரி. அங்கே இருக்கும் கோயில்கள் எல்லாம் நம் சோழர்கள் கடல் கடந்து சென்று கட்டியவை. திருச்சிக்காரர் என்பதால் உங்களுக்கு இரட்டைப் பெருமை. மகளுக்கும் அதைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

கல்வெட்டு மாணவன்:

உறையூரான் ஐயா பொறுத்தருள வேண்டும். இந்தச் செய்தி இணையத்தில் பலமுறை சுற்றி வருகிறது, ஆனால் சரியன்று. அந்தப் பெண் குழந்தை மனத்தில் தவறாகப் பதிந்துவிடக் கூடாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மி சோன் பள்ளத்தாக்கில் முதல் கோயிலை எழுப்பியவர் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பத்ரவர்மன் என்ற சம்பா அரசர். அங்கே இலிங்கத்தை நிறுவி, தம் பெயரோடு சேர்த்துப் பத்ரேசுவரர் என்று பெயரிட்டார். அந்தக் கோயில் தீயில் அழிந்தபின், ஏழாம் நூற்றாண்டில் சம்புவர்மன் அதை மீண்டும் எழுப்பிச் சம்புபத்ரேசுவரர் என்று தம் பெயரையும் முன்னால் சேர்த்துக்கொண்டார். தஞ்சையில் இராசராசன் தம் கோயிலுக்கு இராசராசேச்சரம் என்று பெயரிட்டது இதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. பிற்காலச் சோழப் பேரரசு தலையெடுத்ததே ஒன்பதாம் நூற்றாண்டில்தான். இராசேந்திரன் 1025-இல் அனுப்பிய கடற்படை சென்றது சீவிசயத்துக்கும் கடாரத்துக்கும், சம்பாவுக்கு அன்று.

மி சோன் கல்வெட்டுகள் வடமொழியிலும் சாம் மொழியிலும் அமைந்தவை. கட்டியவர்கள் சம்பா நாட்டின் சாம் மக்கள். அவர்கள் அழிந்துபோனவர்களும் அல்லர். 2019-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வியட்நாமில் ஏறத்தாழ 1,79,000 சாம் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் இசுலாத்தைத் தழுவியவர்கள்; பான் ராங் பகுதியில் சைவ மரபின் எச்சத்தை இன்றும் காத்து வருபவர்களும் உண்டு. தம் முன்னோர் கட்டியதை வேறொருவர் கட்டியதாகச் சொல்வதை அவர்கள் கேட்டால் எப்படி உணர்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நம் கோயில்களைப் பற்றி யாரேனும் அப்படிச் சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

உறவு இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கல்வெட்டுகளின் எழுத்து தென்னிந்திய எழுத்து மரபிலிருந்து சென்றது. நா ட்ராங் அருகே வோ கான் என்ற சிற்றூரில் கிடைத்த பழைய வடமொழிக் கல்வெட்டில் "சீமாரன்" என்று ஓர் அரசரின் பெயர் வருகிறது. அதைப் பாண்டியரின் "திருமாறன்" என்ற பெயரோடு இணைத்துப் பார்த்த அறிஞர்களும் இருக்கிறார்கள், மறுத்தவர்களும் இருக்கிறார்கள். வணிகர் வழியாகவும் அந்தணர் வழியாகவும் சென்ற பண்பாடு அது. படையெடுத்துக் கைப்பற்றியதால் வந்ததன்று.

தமிழர் நேரடியாகக் கட்டியதைப் பார்க்க வேண்டுமென்றால், ஹோ சி மின் நகரில் பென் தான் சந்தைக்கு அருகே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் அங்கே வணிகம் செய்த தமிழர்கள் கட்டியது. இன்று அங்கே வழிபடுவோரில் பெரும்பாலோர் வியட்நாமியர். கருவறைக்குப் பின்புறச் சுவரில் நெற்றியை வைத்து அழுத்தி, தம் வேண்டுதலை அம்மனிடம் முணுமுணுப்பார்கள். உங்கள் தாயாருக்கு நிச்சயம் பிடிக்கும்.

உறையூரான்:

திருத்தத்துக்கு நன்றி. வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி எழுதிவிட்டேன்.

காவிரிக்கரையான்:

விளக்கங்களுக்கு மிகவும் நன்றி. மாதத்தை மே என்று மாற்றிவிட்டேன். ஹனோய், ஹா லாங் இரண்டையும் வீட்டில் ஒரு சிறு சண்டைக்குப் பின் நீக்கியும்விட்டேன். இனி இரண்டு கேள்விகள். மி சோனை எப்படிப் பார்ப்பது? அம்மாவின் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

அடுப்பங்கரை:

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். நானும் என் மாமியாரும் சென்ற ஆண்டு பத்து நாள் அங்கே இருந்தோம், இருவரும் சைவம்.

கவலைப்பட வேண்டாம். "சாய்" என்ற ஒரே சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். பௌத்தர்களின் சைவ உணவுக்கு அங்கே அதுதான் பெயர். "கொம் சாய்" என்று எழுதிய பலகை இருந்தால் உள்ளே தயங்காமல் நுழையலாம்: சோறு, கீரை, தோஃபு, காளான் எல்லாம் இருக்கும். அவர்களுடைய சந்திர நாள்காட்டியின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அந்நாட்டுப் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவார்கள். அன்று சாதாரணக் கடைகளிலும் சாய் உணவு கிடைக்கும். ஆனால் மற்றக் கடைகளில் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. பார்வைக்கு வெறும் கீரைப் பொரியலாகத் தெரிவதிலும் நுவோக் மாம் என்ற மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். நமக்குப் பெருங்காயம் போல அவர்களுக்கு அது; ஊற்றினோம் என்று சொல்லக்கூட அவர்களுக்குத் தோன்றாது. அதனால்தான் "சாய்" என்ற சொல்லை விடாதீர்கள்.

பருப்புப்பொடி ஒரு டப்பா, எலுமிச்சை ஊறுகாய் ஒரு பொட்டலம் பெட்டியில் இருக்கட்டும். வெறும் சோறு எங்கும் கிடைக்கும். இரவு ரயிலில் என் மாமியாரைக் காப்பாற்றியது அந்தப் பொடிதான்.

இன்னொன்று, பணம். அங்கே 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீல நிறத்தில், ஒரே வழவழப்பில் இருக்கும். இளநீர் வாங்கிவிட்டு இருட்டில் சிறிய நோட்டுக்குப் பதிலாகப் பெரிய நோட்டை நீட்டியவள் நான். அறைக்கு வந்து எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சிறிய நோட்டின் பின்புறத்தில் ஹோய் ஆனின் பழைய சப்பானியப் பாலத்தின் படம் இருக்கும். பாலம் இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் பூச்சியங்களை இன்னொரு முறை எண்ணுங்கள். பெரிய நோட்டுகளைத் தனி உறையில் போட்டுவிடுவது இன்னும் நல்லது.

கல்வெட்டு மாணவன்:

மி சோனுக்குச் செல்வதற்கு முதல் நாள், டா நாங் நகரிலுள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பள்ளத்தாக்கில் இருக்கும் கோயில்கள் பெரும்பாலும் சிலைகள் நீங்கிய வெறும் கூடுகள். அவற்றுக்குள் இருந்தவை இந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1919-இல் திறக்கப்பட்ட மஞ்சள் நிறக் கட்டடம், ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. மி சோனிலிருந்து கொண்டுவந்த ஏழாம் நூற்றாண்டுப் பிள்ளையார் அங்கே நின்ற கோலத்தில் இருக்கிறார். கையிலுள்ள கிண்ணத்தில் தும்பிக்கையை வைத்துத் தின்பண்டத்தை எடுக்கிறார். அதே காலத்து இலிங்க பீடம் ஒன்றின் பக்கங்களில், காட்டில் வாழும் தவசிகளின் அன்றாட வாழ்வைச் செதுக்கியிருக்கிறார்கள். குழலூதும் தவசியைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.

மி சோனில் எழுபதுக்கு மேற்பட்ட கட்டடங்கள் இருந்தன. பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்றி பார்மாந்தியே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றைக் குழுக்களாகப் பிரித்து, ஏ, பி, சி என்று எழுத்திட்டார். இன்றும் அந்த எழுத்துகளே பலகைகளில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் உயர்ந்ததாக இருந்த ஏ-1 கோயில் 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டில் தகர்ந்துவிட்டது. கோயில்களுக்கு இடையே புல் மூடிய வட்டப் பள்ளங்களைப் பார்ப்பீர்கள். குளம் என்று எண்ணிவிட வேண்டாம், குண்டு விழுந்த இடங்கள் அவை. போருக்குப் பின், 1980-களில் போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் கசிமிர் க்வியாட்கோவ்ஸ்கி அங்கேயே தங்கி, இடிந்தவற்றைத் தாங்கி நிறுத்தினார். 2017 முதல் 2022 வரை இந்தியத் தொல்லியல் துறையும் ஏ, எச், கே குழுக்களில் சீரமைப்புப் பணி செய்தது. அந்தப் பணியின்போதுதான், 2020-இல், ஒரே கல்லாலான ஒன்பதாம் நூற்றாண்டு இலிங்கம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது.

செங்கற்களுக்கு இடையே விரலை வைத்துப் பார்க்கத் தோன்றும்; தொடக் கூடாது, கண்ணால் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தின் கோடே தெரியாது. மரப்பிசினால் ஒட்டினார்களா, வேறு வழியா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள். சுவரை முழுதாகக் கட்டி முடித்த பிறகே அதன்மேல் சிற்பம் செதுக்கினார்கள் என்பதால், ஒரே பூங்கொடி நான்கு செங்கற்களைத் தடையின்றிக் கடந்து செல்வதைக் காணலாம். பழைய செங்கல் சிவந்து தூய்மையாக இருக்க, பிற்காலத்தில் வைத்த புதுச் செங்கல்லில் பாசியும் வெள்ளை உப்பும் பூத்திருப்பதையும் கவனியுங்கள்.

கடல்காற்று:

அருங்காட்சியகம் முதலில் என்பதை நானும் வழிமொழிகிறேன். மி சோனுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: ஹோய் ஆனிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். காலை ஐந்து மணிக்கே தனி வண்டியில் புறப்பட்டுவிடுங்கள். ஒரு முறை என் உறவினர்களை மலிவான குழுப் பயணம் ஒன்றில் சேர்த்துவிட்டேன். அந்த நிறுவனத்தார் வழியில் ஒரு சலவைக்கல் சிற்பக் கடையில் ஒரு மணி நேரம் நிறுத்தி, முற்பகல் பதினொரு மணிக்குப் பள்ளத்தாக்கில் இறக்கிவிட்டார்கள். நாற்புறமும் மலை சூழ்ந்த இடம் என்பதால் காற்றே இராது. என் அத்தை முதல் கோபுரத்தின் நிழலைவிட்டு நகரவேயில்லை. நுழைவாயிலிலிருந்து கோயில்களுக்கு அருகே வரை மின்வண்டி உண்டு. அதன்பின் நடைதான், ஆனால் பெரும்பாலும் சமதளம்.

கடலைப் பற்றி மகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அது கிழக்குப் பார்த்த கரை, மெரினாவைப் போல. சூரியன் மறைவதைக் கடலில் பார்க்க முடியாது, எழுவதைப் பார்க்கலாம். உள்ளூர் மக்கள் விடியற்காலை ஐந்து மணிக்கே குடும்பத்தோடு வந்து நீந்திவிட்டு, ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். குளிக்கச் சிறந்த நேரம் அதுவே. ஹோய் ஆனில் தங்கினால் ஆன் பாங் கடற்கரை மிதிவண்டித் தொலைவில் இருக்கிறது. வயல் நடுவே சமதளச் சாலை. குவா டாய் கடற்கரையைப் பழைய வழிகாட்டி நூல்கள் புகழும், ஆனால் கடலரிப்பில் அதன் மணல் பெரும்பகுதி போய்விட்டது.

கல்வெட்டு மாணவன்:

நா ட்ராங் வேண்டாம், குய் நோன் செல்லுங்கள் என்பேன். 1471-இல் வியட்நாமிய அரசர் லே தான் தோங்கிடம் வீழும் வரை சம்பாவின் தலைநகராக விளங்கிய விசயா அதன் அருகில்தான் இருந்தது. ஊருக்குள்ளேயே இரட்டைக் கோபுரம், ஊருக்கு வெளியே குன்றின்மேல் பான் இட் கோபுரங்கள், கடற்கரையிலும் கூட்டம் குறைவு.

கடல்காற்று:

தனியாகச் செல்பவருக்குச் சரி. சைவ உணவு தேடும் முதியவரோடு முதல் முறை செல்பவருக்கு நா ட்ராங்தான் எளிது: உணவகங்கள் மிகுதி, காம் ரான் விமான நிலையம் அருகில். அதோடு அங்குள்ள போ நகர் என்ற சம்பா காலத்து அம்மன் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அந்த வேறுபாட்டை அம்மையார் உணர்வார்.

கல்வெட்டு மாணவன்:

போ நகரைச் சொன்னபின் என்னால் மறுக்க முடியவில்லை. 774-இல் கடல்வழி வந்த கொள்ளையர் எரித்த கோயில் அது. சத்தியவர்மன் என்ற அரசர் 784-இல் மீண்டும் கட்டினார். பத்தாம் நூற்றாண்டில் அங்கிருந்த பொன்னாலான பகவதி சிலையைக் கம்போடியாவின் கெமர் படையினர் எடுத்துச் சென்றுவிட, 965-இல் கல்லால் வேறு சிலை வைத்தார்கள். சாம் மக்களின் தேவியை வியட்நாமியர்கள் இன்று தியென் யி ஆ நா என்று தம் தாயாகவே வணங்குகிறார்கள். படிகள் சற்றுச் செங்குத்தானவை, மெல்ல ஏறச் சொல்லுங்கள். முழங்கால் தெரியும் உடையில் சென்றால் வாசலில் ஓர் அங்கி கொடுப்பார்கள்.

காவிரிக்கரையான்:

முடிவான திட்டம்: ஹோ சி மின் நகரில் இறங்கி, மாரியம்மனை வணங்கி ஓர் இரவு, மறுநாள் விமானத்தில் டா நாங், அங்கே ஓர் இரவு, ஹோய் ஆனில் மூன்று இரவு, அதில் ஒரு காலை மி சோன், டா நாங்கிலிருந்து இரவு ரயிலில் நா ட்ராங், அங்கே ஓர் இரவு தங்கி, காம் ரானிலிருந்து திரும்புதல். மின்விசா ஒருவருக்கு 25 டாலர், அரசின் தளத்திலேயே விண்ணப்பித்துவிட்டேன். அதே போலத் தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் தேடலில் முன்னால் வந்து கூடுதல் பணம் கேட்கின்றன, கவனம். அம்மாவின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி, முதலெழுத்தை விரித்து நிரப்பினேன். ரயிலில் நான்கு படுக்கை அறை முழுவதும் எங்களுக்கே கிடைத்துவிட்டது. கீழ்ப் படுக்கை அம்மாவுக்கு.

காவிரிக்கரையான் (மே மாதக் கடைசியில்):

நலமாகத் திரும்பினோம். கேட்டவர்களுக்காகச் சில வரிகள்.

அருங்காட்சியகத்தை முதலில் பார்த்தது மிகவும் பயன்பட்டது. அந்தப் பிள்ளையாரின் முன்னால் அம்மா, காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மூன்று தோப்புக்கரணம் போட்டார். காவலுக்கு நின்ற இளைஞர் முதலில் திகைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே, அம்மா எழுந்திருக்கக் கை கொடுத்தார். மி சோனில் ஆறரை மணிக்கு எங்களைத் தவிர ஐந்தாறு பேரே இருந்தார்கள்; மலையில் பனி விலகிக்கொண்டிருந்தது, எட்டரை மணிக்குப் பேருந்துகள் வரத் தொடங்கியபோது நாங்கள் வெளியே வந்துவிட்டோம். மகள் குழலூதும் தவசியையும் கண்டுபிடித்தாள், குண்டுப் பள்ளங்களையும் எண்ணினாள். பள்ளங்களைப் பற்றித்தான் திரும்பும் வழியெல்லாம் கேட்டாள். விமானங்கள் ஏன் கோயில்மேல் குண்டு போட்டன என்ற கேள்விக்கு, வியட்நாமியப் போராளிகள் அந்தப் பள்ளத்தாக்கில் தங்கியிருந்ததைச் சொன்னேன். "கோயில் யாருடைய பக்கம்?" என்றாள்.

போ நகரில் பட்டாடை உடுத்திய அம்மனைப் பார்த்த அம்மா, குங்குமம் எங்கே என்று தேடினார். பருப்புப்பொடி ஆறாம் நாள் தீர்ந்தது; அடுப்பங்கரை அம்மையார் சொன்ன அளவைவிட இரு மடங்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு குறை. நா ட்ராங் எங்களுக்குச் சற்று இரைச்சலாக இருந்தது. உயர்ந்த விடுதிகளின் வரிசையும் வாகன நெரிசலும் சென்னையை நினைவூட்டின. போ நகரைக் காலையில் பார்த்துவிட்டு அன்று மாலையே விமானம் ஏறியிருந்தால், மீந்த இரவை ஆன் பாங்கில் கழித்திருக்கலாம். குய் நோனைப் பற்றி இப்போது மனைவியே கேட்கிறாள். கல்வெட்டு மாணவன் ஐயா, அந்த இரட்டைக் கோபுரத்துக்கு ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம்?